மூலமட்டம் சார் போன லாட்ஜ்

ஒரகடத்துக் கம்பெனிகளில் வேலை பார்க்கிற அத்தனை பேரிலும், கழிப்பறைக் கதவை நிதானமாக மூன்று முறை தட்டிவிட்டு, உள்ளேயிருந்து பதிலுக்கு மூன்று தட்டு வருகிறதா என்று காத்து நிற்கிற மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவருக்குக் கீழே நான் எட்டு வருடம் வேலை பார்த்தேன்.

பெயர் வேண்டாம். கம்பெனியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. கொத்தனார்கள் சுவரின் மூலை சரியாக இருக்கிறதா என்று வைத்துப் பார்ப்பார்களே, ஆங்கில 'எல்' மாதிரி ஓர் இரும்பு, அதற்கு மூலமட்டம் என்று பெயர். அதையே அவருக்கும் வைத்துவிட்டார்கள். கேட் செக்யூரிட்டி முதல் கேன்டீன் அக்கா வரை எல்லோருக்கும் அவர் மூலமட்டம் சார்தான்.

எங்களுடையது காருக்கு பிரேக் சாமான் செய்கிற கம்பெனி. அதில் கேஜ் ரூம் என்று குளுகுளுவென்று ஓர் அறை உண்டு. அளவு பார்க்கிற கருவிகளையே அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிற இடம். அவர் இன்சார்ஜ், நான் அசிஸ்டன்ட். வேறு ஆள் கிடையாது.

மனிதர் நடந்தால் நேர்க்கோடு, திரும்பினால் தொண்ணூறு டிகிரி. குறுக்கே போனால் கேன்டீன் இருபது அடி. அவர் ஆட்கள் நடக்கத் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டை ஒட்டியே மூலை வரைக்கும் போய், குதிகால்களைச் சேர்த்து ஒரு கணம் நின்று, சதுரமாகத் திரும்பி, மறுபடி நடப்பார். மேனேஜ்மென்ட் இதைப் பார்த்து உருகிப்போய் அவருக்குப் பாதுகாப்பு விருது கொடுத்தது. "இவர பாத்து நடக்கக் கத்துக்குங்க" என்று பிளான்ட் ஹெட் மைக்கில் சொன்னார். அடுத்த வாரம் சூப்பர்வைசர்கள் எல்லோரும் சதுரமாக நடந்து, மூலைக்கு மூலை முட்டிக்கொண்டார்கள்.

வேலை செய்யும்போது அவர் உதடு அசைந்துகொண்டே இருக்கும். பக்கம் பக்கமாக எதையோ மனப்பாடம் செய்வார். போர்க்லிஃப்ட் ஓட்டும் முனுசாமிக்கு இதில் சந்தேகமே இல்லை. "சாரு கருவிக்கு மந்திரம் போடுறாருபா. அதான் அவரு இன்னா சொல்றாரோ அத காட்டுது" என்று சொல்லி, எங்கள் கதவில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டிவிட்டுப் போனான். மூலமட்டம் சார் அதை அவிழ்த்து, வெர்னியரில் வைத்து நாலு பக்கமும் அளந்து, ஒரு சிவப்பு அட்டையை எழுதிக் கட்டி முனுசாமியிடமே திருப்பி அனுப்பினார். அட்டையில் இருந்தது: 'வட்டம் சரியில்லை. நிராகரிக்கப்பட்டது.'

எச்.ஆரில் புதிதாக வந்த பெண் எல்லோருடைய படிப்பு விவரத்தையும் சரிபார்த்தபோது இன்னொரு கூத்து.

"சார், உங்க ஃபைல்ல டிப்ளமான்னு இருக்கு. ஆனா நீங்க மூணாவது டிகிரி முடிச்சிட்டதா சொல்லிக்கிறீங்களாமே?"

"ஆமாம்மா. மூணும் முடிச்சாச்சு."

"மூணு டிகிரியா! சர்டிபிகேட் கொண்டாங்க சார்."

"அத வெளிய காட்ட முடியாதும்மா."

போலி சர்டிபிகேட் கேஸ் என்று அந்தப் பெண் நடுங்கிப்போய் மேலே எழுதிப்போட்டாள்.

பொறுக்க முடியாமல் நானே ஒருநாள் கேட்டேன். "சார், இன்னாதான் சார் நீங்க?"

"நேரா கேட்ட பாரு, அதான் சரி. கேட்டாதான் சொல்லணும், கேக்காதவங்கள நாங்களா கூப்பிடக் கூடாது" என்று ஆரம்பித்தவர் ஒரு மணி நேரம் பேசினார். அவர் ஃப்ரீமேசன். பழைய காலத்தில் பெரிய பெரிய கட்டடம் கட்டிய கல்தச்சர்களின் சங்கத்தில் இருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிற ஒரு சபை. கல் வேலை இப்போது கிடையாது. கருவிகள் மட்டும் மிச்சம். ஒவ்வொன்றுக்கும் ஓர் அர்த்தம். மூலமட்டம் என்றால் நடத்தை கோணாமல் இருப்பது. ரசமட்டம் என்றால் எல்லோரும் ஒரே மட்டம். தூக்குக்குண்டு என்றால் நிமிர்ந்து நிற்பது. சேரும்போது மனிதன் கரட்டுக் கல். ஒவ்வொரு டிகிரியாகத் தன்னைத்தானே செதுக்கிக்கொள்ள வேண்டும். மூன்று தட்டு, சதுர நடை, உதட்டில் ஓடுகிற மனப்பாடம் எல்லாம் அந்தச் சபையின் சடங்குகள்.

"கண்ண கட்டி உள்ள கூட்டினு போவாங்களாமே சார்?"

"ஆமா."

"பேன்ட்ல ஒரு கால மட்டும் சுருட்டி வுடுவாங்களாமே?"

"ஆமா."

"எதுக்கு சார்?"

"வந்தா தெரியும்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மோதிரம், வாட்ச், சில்லறை, எல்லாத்தையும் கழட்டி வெச்சிடணும்பா. உடம்புல ஒரு துண்டு உலோகம் இருக்கக் கூடாது. நான் பொழுதுக்கும் இரும்போட கெடக்கறவன். அன்னிக்கு ஒண்ணுமே இல்லாம நின்னேன் பாரு, நாம யாருன்னு அப்பத்தான் கொஞ்சம் புரிஞ்சுது."

அந்தச் சபை கூடுகிற இடத்துக்கு லாட்ஜ் என்று பெயர். மாதம் ஒரு சனிக்கிழமை, ஒல்லியான கறுப்புப் பெட்டியுடன் அவர் சென்னை பஸ் ஏறுவார். "எங்க சார்?" என்று கேட்டால் மறைக்காமல் "லாட்ஜுக்கு" என்பார். கேட்டவர்கள் முகம் போகிற போக்கை அவர் கவனித்ததே இல்லை. ஒரு வருடம் அவருக்கு அங்கே 'டைலர்' பதவி கிடைத்தது. கையில் வாளோடு கதவுக்கு வெளியே காவல் நிற்கிற வேலை. சந்தோஷத்தில் கேன்டீனில் சொல்லிவிட்டார். மறுநாள் கேன்டீன் அக்கா வீட்டுக்காரருடைய யூனிஃபார்ம் பேன்ட்டைக் கொண்டுவந்து, "இடுப்பு லூசா கீது சார், கொஞ்சம் புடிச்சுக் குடு" என்றார். மனிதர் மறுக்கவில்லை. வீட்டில் கொடுத்துத் தைத்துக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு பேன்ட்டுகள் வந்தபடி இருந்தன.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது.

ஒருமுறை கம்பெனிக்குத் தரம் சரிபார்க்க ஆடிட்டர் வந்தார். மூலமட்டம் சார் கைகுலுக்கும்போது கட்டைவிரலால் எதிராளியின் விரல் முட்டியில் ஒரு அழுத்து அழுத்துவது வழக்கம். எங்களுக்கெல்லாம் வலிக்கும், அவ்வளவுதான். இந்த ஆடிட்டர் பதிலுக்கு அழுத்தினார்; அவரும் அந்தச் சபைக்காரர். இரண்டு முகங்களிலும் டியூப்லைட் எரிந்தது. இனி ஆடிட் பாஸ்தான் என்று நாங்கள் பிரியாணிக்கே சொல்லிவிட்டோம். நடந்தது என்னவென்றால், ஆடிட்டர் கண்ணில் படாத ஒரு கேஜை இவரே எடுத்து நீட்டி, "பிரதர், இது சரியில்ல. ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருக்கு" என்றார். அளக்காமல் ஸ்டிக்கர் ஒட்டியது நான். என் பெயரை அவர் சொல்லவில்லை. ஆனால் எல்லாக் கருவிகளையும் மறுபடி அளக்க வேண்டியதாயிற்று; ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. தவறு என்னுடையது, கோபம் அவர்மேல்.

அந்தக் கோபம் ஆறாமல் இருந்த ஒரு மாலையில், கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தோம். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து மூலமட்டம் சாரைப் பற்றி விசாரித்தார். இவன்தான் அவருடைய அசிஸ்டன்ட் என்று கூட நின்றவர்கள் என்னைக் காட்டினார்கள். சாரின் மகள் எஸ்தர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையின் தாய்மாமன் இவர், படப்பைக்காரர்.

"ஆளு எப்டி தம்பி? குடி கிடி உண்டா?"

"சேச்சே, குடியெல்லாம் கெடயாதுண்ணா" என்றேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்தது. "மாசத்துக்கு ஒருவாட்டி லாட்ஜுக்குப் போவாரு. அவ்ளோதான்."

கடையே சிரித்தது. மாமன் சிரிக்கவில்லை. பாதி டீயை வைத்துவிட்டுப் போனார்.

விஷயம் தெரியாமல் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அது எந்த லாட்ஜ் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

மாப்பிள்ளை வீட்டார் 'யோசித்துச் சொல்கிறோம்' என்றார்கள். காரணம் மெல்லக் காதுக்கு வந்ததும் மூலமட்டம் சார் போன் செய்து, "அது ஃப்ரீமேசன் லாட்ஜுங்க" என்று பொறுமையாக விளக்கினார். வினையே அங்கேதான். மாமன் அந்தப் பெயரைப் போனில் தேடினார். முக்கோணத்துக்குள் கண், ஆட்டுத்தலை, உலகத்தையே ரகசியமாக ஆளுகிற கும்பல் என்று வீடியோ வீடியோவாக வந்து விழுந்தது. உலகத்தை ஆளுகிறவர் ஏன் தினமும் காலையில் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார் என்று யாருக்கும் தோன்றவில்லை. "லாட்ஜுக்குப் போறவர்னாகூட, வயசாயிடுச்சு திருந்திடுவாருன்னு சேத்துக்கினு இருப்போம். இது வேற மாதிரி கீதே" என்று மாமன் முடித்துவிட்டார். அந்த வீடியோக்கள் சேரப்பணஞ்சேரி பக்கம் சார் குடியிருந்த தெருவுக்கும், அங்கிருந்து அவருடைய சர்ச்சுக்கும் போயின. ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவர் அவர்தான். கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள்.

கேஜ் ரூமில் அவர் உதடு அசைவது நின்றுபோயிற்று. மற்றபடி அதே மனிதர். மதியம் வழக்கம்போல டப்பாவைத் திறந்து பாதி மீன் குழம்பை என் தட்டில் ஊற்றினார். நான் சாப்பிட்டேன். மூன்று மாதம் சாப்பிட்டேன்.

ஒருநாள் அவர் மறந்துவிட்டு வந்த கண்ணாடியைக் கொடுக்க எஸ்தர் கேட்டுக்கு வந்தாள். வாங்கப் போனவன் நான்.

"அண்ணா, அப்பாவ பத்தி அப்டி சொன்னது யாருன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணா? சண்ட போட இல்ல. அப்பா அவங்களுக்கு இன்னா பண்ணாருன்னு கேக்கணும்."

"தெரியலம்மா" என்றேன். செக்யூரிட்டி என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவனும் அன்று டீக்கடையில் இருந்தவன்.

அன்றைக்கே உள்ளே போய்ச் சொன்னேன். கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டு, "சார், அந்த மாமன்கிட்ட சொன்னது நான்தான்" என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தெரியும். 'உங்க அசிஸ்டன்ட்டே சொன்னாம்பா'ன்னு அவரு அன்னிக்கே சொல்லிட்டாரு."

"அப்றம் ஏன் சார் என்னக் கேக்கல?"

"கேட்டா நீ இல்லன்னு பொய் சொல்லுவ. உன்ன எதுக்குப் பொய் சொல்ல வெக்கணும்?" அவரே தொடர்ந்தார்: "பெரிய மனுசன்னு நெனச்சுக்காத. பத்து நாள் உன் மூஞ்சியப் பாக்கவே புடிக்கல. பதினோராவது நாள் சோறு எறங்கல. சரிதான் போன்னு விட்டுட்டேன்."

அந்த ஞாயிறு படப்பைக்குப் போய் மாமனிடம் உள்ளதைச் சொன்னேன். "அவுரு அனுப்பிச்சாரா?" என்று கேட்டார். இல்லை என்றதை நம்பவில்லை. மாப்பிள்ளைக்கு வேறு இடம் முடிந்திருந்தது. திரும்பி வந்து சாரிடம், "நானும் உங்க லாட்ஜ்ல சேந்துடறேன் சார்" என்றேன். அதை ஒரு பரிகாரம் மாதிரி நினைத்திருந்தேன்.

"கேட்டது சந்தோசம்பா. ஆனா நீ வெக்கத்துல கேக்கற. வெக்கம் போனப்புறம் கேளு."

அடுத்த வருடம் திருவள்ளூரிலிருந்து எஸ்தருக்கு ஒரு வரன் வந்தது. ஒருநாள் மெஷின் இரைச்சலுக்கு நடுவே எனக்குப் போன். மாப்பிள்ளையின் அப்பா பேசினார். "பொண்ணு வீட்டப் பத்தி விசாரிக்கணும்னோம். உங்க நம்பரத்தான் குடுத்தாரு. 'என்னப் பத்தி நல்லது கெட்டது எல்லாம் இவனுக்குத் தெரியும், இவன் சொல்றத நம்புங்க'ன்னாரு. ஏதோ லாட்ஜ்னு சொல்றாங்களே தம்பி, அது இன்னா?"

இரைச்சலை விட்டு வெளியே ஓடி, லாரி நிற்கிற இடத்துக்குப் பின்னால் நின்று முக்கால் மணி நேரம் பேசினேன். கல்தச்சரில் ஆரம்பித்தேன். மூலமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாம் சொன்னேன். எலுமிச்சம்பழத்தைச் சொன்னேன், பேன்ட் தைத்ததைச் சொன்னேன். கடைசியில் டீக்கடையில் நான் செய்ததையும் சொல்லிவிட்டேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, "இதையும் சொல்லிட்டீங்களே. அப்ப மத்ததும் உண்மையாத்தான் இருக்கும்" என்றார்.

கல்யாணம் நடந்தது. பந்தியில் நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மூலமட்டம் சார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், "நம்ம எஸ்தர் கல்யாணத்த முடிச்சு வெச்சவன் இவன்தான்" என்று சம்பந்தியிடம் நிறுத்தினார். கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. கேஜ் ரூமுக்கு இப்போது நான் இன்சார்ஜ். லாட்ஜில் சேரட்டுமா என்று இதுவரை மறுபடி கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரிடமிருந்து போன் வரும். பெரிதாக ஒன்றும் இருக்காது. முட்டி வலி, பேத்தி பேசின பேச்சு. "உக்காந்துகினே பேசறதுக்கு இன்னா?" என்று என் மனைவி ஒவ்வொரு வாரமும் கேட்கிறாள். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் நான் எழுந்தேதான் நிற்கிறேன்.