சத்தம் போடாத வண்டி

அன்று நான் ஒரு முடிவெடுத்தேன். இனிமேல் என் மாட்டுவண்டி வாயைத் திறக்கக்கூடாது!

நான் காளிமுத்து. ஹேவாஹெட்ட மலையில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களில் கோப்பிக்கொட்டை மூட்டை ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுவருகிற வண்டிக்காரன். ரோட்டில் என்னைக் கண்டால் மற்ற வண்டிக்காரர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். மரியாதையால் அல்ல. என் சக்கரம் போடுகிற கூச்சலுக்கு அவர்கள் மாடு மிரண்டு ஓடும்.

என் பெண்டாட்டி பேச்சியம்மா. பெயருக்கு ஏற்றவள்தான், அதை விடுங்கள். அவள் வாயைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். காதைத்தான் தாங்க முடியாது. அடுப்படியில் இருந்தபடியே சக்கரத்துச் சத்தத்தை வைத்து நான் எங்கே நின்றேன், எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்லிவிடுவாள்.

“கள்ளுத் தவறணை வாசல்ல வண்டி நின்னுச்சே, அங்க என்னா சோலி?”

“மாட்டுக்குத் தண்ணி காட்டினேன்.”

“மாடு ஏப்பம் விடலியே. நீங்கதானே விடுறீங்க?”

இப்படிப்பட்ட வீட்டில்தான் அந்தச் சனிக்கிழமைச் சிக்கல் வந்து சேர்ந்தது. பிலிமத்தலாவையில் பெரிய சேவல் சண்டை. கூட்டாளிகளைப் பேராதனைப் பாலத்தடியில் ஏற்றிக்கொள்கிறேன் என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அதே நாள், அதே பேராதனையில், பேச்சியின் அக்கா பாப்பம்மா மகளுக்குச் சடங்கு. வண்டி கட்டுங்கள் என்று இவள் ஒரு வாரமாக நச்சரித்தாள்.

உண்மையைச் சொல்லலாமே என்பீர்கள். முடியாது. போன சேவல் சண்டையில் தலைப்பாகையைப் பந்தயத்தில் விட்டுவிட்டு வெறுந்தலையோடு வீடு வந்தவன் நான். இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று கதிர்காமக் கந்தன்மேல் சத்தியம் வாங்கிவிட்டாள். சத்தியம் படுப்பதற்குத்தானே? நான் படுக்கவா போகிறேன்?

எனவே அவளுக்குத் தெரியாமல் வண்டி வாசலைத் தாண்ட வேண்டும். அதற்குச் சக்கரம் ஊமையாக வேண்டும். எண்ணெய் போட்டால் போதும் என்று நினைத்தேன். எந்த எண்ணெய் என்பதில்தான் என் வாழ்க்கை சறுக்கியது.

முதலில் பேச்சி தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து அச்சில் கவிழ்த்தேன். கண்டி தாண்டும்வரை வண்டி வழுக்கிக்கொண்டு போனது. ஹேவாஹெட்ட ஏறியதும் பனி. எண்ணெய் மெழுகாக உறைந்துவிட்டது. அதுவரை முனகிய சக்கரம் ஒப்பாரி வைத்தது. கோப்பி பறித்துக்கொண்டிருந்த பெண்கள் யார் செத்தது என்று கேட்டார்கள்.

எதிர்வீட்டு மஹ்மூத் நானா வாசலிலேயே எண்ணெய்க்கடை வைத்திருப்பவர். அவரிடம் ஓடினேன்.

“நானா, குளிருக்கு உறையாத எண்ணெய் ஒண்ணு குடுங்க.”

“நல்லெண்ணெய் இரிக்கி. உறையாது தம்பி. ஆனா நிக்காது.”

நான் பாதியைத்தான் காதில் வாங்கினேன். மலையிறக்கத்தில் அச்சு சூடேறியதும் நல்லெண்ணெய் அத்தனையும் ரோட்டில் ஒழுகிவிட்டது. தெருநாய்கள் அதை நக்கிக்கொண்டே ஊர்வலமாக என் பின்னால் வந்தன. சக்கரம் முன்னால் கத்த, நாய்கள் பின்னால் கத்த, கண்டிப் பட்டணத்துக்குள் ராசா மாதிரி நுழைந்தேன். மறுபடியும் நானாவிடம் ஓடினேன்.

“சீமையிலருந்து தகரத்துல ஏதோ கொழுப்பு வந்திருக்காமே நானா?”

“வந்திரிக்கி. என்னா கொழுப்புண்டு எழுதல்ல. பண்டிண்டா நான் தொட ஏலாது. மாடுண்டா நீங்க தொட ஏலாது.”

பன்றி அவருக்கு ஆகாது, மாடு எனக்கு ஆகாது; அதுவும் நியாயம்தான். மாட்டைப் பூட்டிய வண்டிக்கு மாட்டுக் கொழுப்பைத் தடவினால் என் மாடுகள் என்னைச் சும்மா விடுமா?

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. நான் சக்கரத்தடியில் கந்தலும் கையுமாகக் குந்தியிருந்தேன். பின்னால் நிழல் விழுந்தது.

“என்னாங்க பண்றீங்க?”

அந்த நிமிஷத்தில் பிறந்த பொய் இது: “செவலைக்குக் காலு வீங்கிப்போச்சு பேச்சி. நாளைக்கு வண்டி நகராது.”

“அடப் பாவமே! வீக்கம் மாட்டுக்கு. எண்ணெய் ஏன் சக்கரத்துக்கு?”

“சும்மா நிக்கப்போற வண்டிதானே. அச்சு துருப்புடிச்சிரக் கூடாதுல்ல?”

பேச்சி செவலையைப் பார்த்தாள். செவலை நாலு காலிலும் ஜம்மென்று நின்று அசைபோட்டது. துரோகி! அப்புறம் என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. அதுதான் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

“தேங்காயெண்ணெய் குளிருக்கு உறையும். நல்லெண்ணெய் சூட்டுக்கு ஓடிரும். எங்கப்பாவும் வண்டிக்காரர்தானே, அவர் விளக்கெண்ணெயில வைக்கோல் கரியக் கொழைச்சுப் பூசுவார். குளிரோ சூடோ, அது அச்ச விட்டு நகராது. இருங்க, நானே செஞ்சு தாறேன்.”

தானே வைக்கோலைக் கரித்து, தானே குழைத்து, சட்டி நிறைய மை கொண்டுவந்தாள். பூசி வண்டியைத் தள்ளிப் பார்த்தேன். பூனை நடந்தால்கூடக் கொஞ்சம் சத்தம் கேட்கும். எனக்கு அவள்மேல் இரக்கமே வந்துவிட்டது. தன் கண்ணைக் கட்டத் தானே துணி நெய்து தருகிறாளே, அப்பாவி!

மீதி வேலையை நான் முடித்தேன். மாட்டுக் கழுத்து மணிகளைக் கழற்றி வைக்கோலுக்குள் ஒளித்துவைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் சோறு போட்டுவிட்டுப் பேச்சி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

“தலய வலிக்குதுங்க. சடங்குக்குத்தான் போக முடியல, பின்னால போய்க் கொஞ்சம் படுக்கிறேன். என்னை எழுப்பிராதீங்க.”

எழுப்புவேனா நான்? சுவாமியே நேரில் வந்து எழுப்பச் சொன்னாலும் மறுத்திருப்பேன். புது வேட்டி கட்டினேன். மீசையை முறுக்கினேன். தலைப்பாகையை இந்தத் தடவை இறுக்கிக் கட்டினேன். வீடு முழுக்க நிசப்தம். நன்றாகத் தூங்குகிறாள் என்று பூரித்துப்போய் விரல்நுனியில் நடந்து கொட்டிலுக்குப் போனேன்.

கொட்டில் இருந்தது. மாடுகள் இல்லை. வண்டியும் இல்லை.

“நானா! களவு போச்சு! வண்டி களவு போச்சு!” என்று ரோட்டுக்கு ஓடினேன்.

மஹ்மூத் நானா கடை வாசலில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். “என்னா களவு? ஒங்கட பொஞ்சாதிதானே ஓட்டிக்கிட்டுப் போச்சு. நம்ம தெருப் பொம்பளைங்க எல்லாம் ஏறிக்கிட்டாங்க. ஒங்க வாசலாலதானே போச்சு.”

“எனக்குச் சத்தமே கேக்கலியே!”

“எப்பிடிக் கேக்கும் தம்பி? அந்த மாதிரி மை போட்டிரிக்கிறீங்களே!”

பிலிமத்தலாவைக்கு நடந்து போகலாம். போய்ச் சேர்வதற்குள் தோற்ற சேவல் குழம்பாகி, குழம்பும் தீர்ந்திருக்கும். போகும் வழியோ சடங்கு வீட்டு வாசல் வழி. பாலத்தடியில் காத்திருக்கும் கூட்டாளிகள் என்னை என்ன சொல்லித் திட்டுவார்கள் என்று நினைத்தபோது உண்மையாகவே அழுகை வந்தது.

“பேச்சித் தங்கச்சி ரெண்டு சேதி சொல்லச் சொன்னிச்சு,” என்றார் நானா. “செவலைக்குக் காலு சொகமாகிட்டாம்.”

“இன்னொண்ணு?”

“அக்கா வீட்டு ஆளுங்கள எல்லாம் ராச்சோத்துக்குக் கூட்டிக்கிட்டு வருதாம். வண்டிச் சத்தம் கேக்கக் கொஞ்சம் முந்தி ஒங்கள உலை வைக்கச் சொன்னிச்சு.”

நின்று யோசித்தேன். அந்த வண்டிச் சத்தம் எனக்கு எப்போது கேட்கும்?

தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அப்போதே போய் உலை வைத்தேன்.