மாடியில் நின்ற விமானங்கள்

எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் முன்பு ஒரு கடற்படை விமானத் தளம் இருந்தது. ஏதோ ஒரு சண்டைக்காக அடித்துப் பிடித்துக் கட்டினார்கள். ஓடுபாதை காய்வதற்குள் சண்டை முடிந்துவிட்டது. பிறகு பக்கத்துக் கப்பல் கட்டும் தளம் வளர்ந்தது, அதன் கிரேன்களும் வளர்ந்தன, இறங்க வழியில்லாத விமானங்கள் வேறு ஊர் பார்த்துப் போய்விட்டன. ஓடுபாதையில் இப்போது துருப்பிடித்த நங்கூரச் சங்கிலிகள் கிடக்கின்றன. வரலாறு இவ்வளவுதான். ஆனால் யானை போய் வால் மாட்டிக்கொண்ட கதையாக, அலுவலகம் ஒன்று மட்டும் மிஞ்சியது. சுற்றுவட்டாரத்தில் எவனும் மாடி கட்டி விமானங்களுக்கு இடைஞ்சல் செய்யாமல் பார்த்துக்கொள்வது அதன் தலையாய கடமை.

அடுத்த வீட்டு வெல்டருக்கும் கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிற எனக்கும் அந்தக் கப்பல் கட்டும் தளத்தில்தான் வேலை. வெல்டருக்கு ஒரே அறை வீடு. தம்பிக்குக் கல்யாணம் செய்துவைத்தார். தம்பியும் பெண்டாட்டியும் அடுப்படியில் படுத்தார்கள். அவர்கள் பாயைச் சுருட்டினால்தான் வீட்டில் அடுப்பெரியும். இப்போது அவள் முழுகாமல் வேறு இருந்தாள். பிள்ளை பிறப்பதற்குள் மாடியில் ஓர் அறை வேண்டும். வெல்டர் என்னையும் இழுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனார்.

"விமானமே வராதே சார், அப்புறம் எதுக்குத் தடை?" என்றார் வெல்டர்.

"வராது," என்றார் அதிகாரி. "வந்தா?"

வெல்டர் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார். "அந்தக் கிரேன் எவ்வளவு உசரம் பாருங்க."

"கிரேன் நகரும். நகர்றது கட்டடம் ஆகாது."

"உங்க வாசல்ல பழைய விமானத்தைத் தூண் மேல ஏத்தி வச்சிருக்கீங்களே, அது நகராதே?"

"யோவ், அது விமானம். விமானத்துக்கு விமானம் எப்படி இடைஞ்சலாகும்?"

வெளியே வந்ததும் வெல்டர் அந்தத் தூண் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அடுத்த வாரம், கழித்துப் போட்ட கப்பல் தகடுகளை வளைத்து, மொட்டைமாடியில் ஒரு விமானத்தைப் பற்றவைத்துவிட்டார். மூக்கு, வால், வட்ட ஜன்னல், உள்ளே தம்பிக்குக் கட்டில், எல்லாம் இருந்தது. ஓர் இறக்கை நீண்டு வந்து என் வாசலுக்கு நிழல் கொடுத்தது. அந்த நன்றிக்கு நான் அதன் வாலில் நம்பர் எழுதிக் கொடுத்தேன்.

அதிகாரி ஏணியில் ஏறி வந்து மேற்படி வானூர்தியைப் பரிசோதித்தார்.

"மூக்கு எந்தப் பக்கம் பாக்குது?"

"ஓடுபாதைப் பக்கம் சார்."

"கட்டில்ல பெல்ட் இல்லையே?"

பெல்ட் தைத்துப் போட்டதும், 'நிரந்தரமாக நிறுத்திவைக்கப்பட்ட வானூர்தி' என்று அனுமதி வந்தது.

அப்புறம் கேட்கவா வேண்டும்? தெரு முழுக்க விமானம். மருந்துக்கடைக்காரர் இரட்டை இறக்கை வைத்தார். டியூஷன் டீச்சர் வைத்த காற்றாடி நிஜமாகவே சுற்றியது. சம்பந்தம் பேச வருகிறவர்கள் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்பதை விட்டுவிட்டு, இறக்கை எத்தனை அடி என்று விசாரித்தார்கள். நாங்கள் ஒரு சங்கமும் வைத்தோம். வெல்டர் தலைவர். ஓய்வு பெற்று வந்த அதிகாரி ஆலோசகர்.

தம்பி பெண்டாட்டி பாடுதான் பாவம். மத்தியான வெயிலில் அந்தத் தகட்டு அறை தோசைக்கல்லாகக் காயும். வளைந்த சுவரில் பீரோ ஒட்டாது. பச்சைக் குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அது கத்துகிற கத்தலில் எனக்கே மனசு கேட்காது.

இந்த நேரத்தில் அரசாங்கம் எப்படியோ கண் விழித்து அந்த அலுவலகத்தை மூடிவிட்டது. உயரத் தடையும் ரத்து. மறுநாளே தம்பி, விமானத்தைப் பிரித்துவிட்டு அறை கட்டச் செங்கல் இறக்கினான். அன்று சாயங்காலமே சங்கம் கூடியது.

"செங்கல் அறை கூடாது," என்றார் வெல்டர், கூடப் பிறந்த தம்பியிடம்.

"அதான் தடையை எடுத்துட்டாங்களேண்ணே."

"அவங்க எடுத்தாங்க. நாம எடுத்தோமா? இத்தனை விமானம் நிக்கிற தெருவுல சதுரமா ஒண்ணைக் கட்டினா இடைஞ்சல் இல்லையா?"

ஆலோசகர் கண்ணை மூடி ஆமோதித்தார்.

தம்பி பெண்டாட்டி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். "இந்தத் தெருவுல எந்த விமானம் மாமா பறக்கப் போகுது?"

"பறக்காதும்மா," என்றார் வெல்டர். "பறந்தா?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நானும் கை தூக்கினேன். அந்த இறக்கையை எடுத்துவிட்டால் என் வாசலில் வெயில் அடிக்குமே.