டிவிஷன் அண்ணன் போட்ட பட்டியல்

பந்தைக் கையால் தொடாமலே பன்னிரண்டு கிரிக்கெட் டீமை ஆட்டிவைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் மெஸ்ஸில் சாப்பிட்டார். சொந்தப் பெயர் என்னவோ இருந்தது, நான் கேட்டதில்லை. நாங்கள் இருந்த முவைலா பகுதி முழுக்க அவருக்கு டிவிஷன் அண்ணன் என்றுதான் பெயர்.

ஷார்ஜாவில் தொழிலாளர் கேம்ப்கள் பெருகிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நானும் என் வீட்டுக்காரரும் அங்கே மெஸ் நடத்தினோம். சமைப்பது நான், பரிமாறுவது அவர். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லை. சமையலறைச் சுவரில் இருந்த சின்ன ஜன்னல் வழியாகத் தட்டைத் தள்ளுவேன். காது மட்டும் அந்தப் பக்கம் இருக்கும்.

டிவிஷன் அண்ணன் சிவகங்கைப் பக்கத்துக்காரர். சாரம் கட்டும் கம்பெனியில் டைம்கீப்பர். யார் எத்தனை மணிக்கு டூட்டிக்கு வந்தான், எத்தனை மணிக்குப் போனான் என்று எழுதுவது அவர் வேலை. எழுதிப் பழகிய அந்தக் கை, வேலை முடிந்த பிறகும் சும்மா இருக்காது. கண்ணில் பட்டதையெல்லாம் வரிசைப்படுத்தி, மேலே ஏற்றி, கீழே இறக்கி எழுதிக்கொண்டே இருக்கும். எங்கள் சாப்பாடும் தப்பவில்லை.

"அக்கா, உங்க கோழி ஆணம் முதல் டிவிஷன். பருப்பு இந்த மாசம் ரெண்டாவதுக்கு எறங்கிருச்சு."

"ஏனாம்?" என்று எனக்காக வீட்டுக்காரர் கேட்பார்.

"மூணு வாரமா உப்பு ஃபார்ம்ல இல்லை."

அவர் ரூமில் எட்டுப் பேர். ஒரு தடவை அந்த ரூமையும் பிரித்து அடுக்கினார். பெருங்குறட்டை விடுகிற இரண்டு பேரைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார். ஒருவர் சத்தத்தில் மற்றவர் முழித்துக்கொள்வார், முழித்தவர் எப்படிக் குறட்டை விட முடியும் என்பது அவர் கணிப்பு. அவர்கள் இருவரும் நன்றாகத் தூங்கினார்கள். மற்ற ஆறு பேரும் பாயைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள். அந்த ஆறில் டிவிஷன் அண்ணனும் ஒருவர்.

வெள்ளிக்கிழமை காலை, ஜும்மா தொழுகைக்கு முன்னால், கேம்புக்குப் பின்னாலிருந்த மணல் பொட்டலில் கிரிக்கெட் நடக்கும். டென்னிஸ் பந்தில் கறுப்பு டேப் சுற்றி ஆடுவார்கள். ரோடு போடுகிறவர்கள் ஒரு டீம், லாண்டரிக்காரர்கள் ஒரு டீம், பேக்கரி, டைல்ஸ், ஏசி, டேங்கர் டிரைவர்கள் என்று மொத்தம் பன்னிரண்டு. கம்பெனி கேம்ப்பை மாற்றினால் ஒரு டீம் காணாமல் போகும். நாலு பேர் ஒன்றாக லீவில் போனால் இன்னொரு டீம் படுத்துவிடும். அதனால் வருஷா வருஷம் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுத் திரும்ப அடுக்க வேண்டும். அந்த வேலையை அண்ணன் தானாக எடுத்துக்கொண்டார். பந்து காலடிக்கு உருண்டு வந்தால் ஒதுங்கி நின்று, "யாராச்சும் எடுங்கப்பா" என்பவரிடம் லீக் முழுவதும் போய்ச் சேர்ந்தது.

அவர் கொண்டுவந்த பெரிய சட்டம், தாய் டீம், பிள்ளை டீம். பெரிய டீம் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சின்ன டீம். தாய் தன் பழைய பேட்டைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். தாய்க்கு ஆள் குறைந்தால் பிள்ளை தன்னிடமிருந்து ஒருவரை அனுப்ப வேண்டும். ரோடு டீம் தாய், லாண்டரி பிள்ளை. லாண்டரியில் இஸ்திரி போடுகிற செல்வம் என்ற தம்பி இடது கையால் நன்றாகப் பந்து போடுவான். ரோடு டீமுக்கு வாரா வாரம் சரியாக ஓர் ஆள் குறையும். வாரா வாரம் செல்வம் போவான். லாண்டரி தோற்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை தாயும் பிள்ளையுமே மோத வேண்டி வந்தது. செல்வம் யாருக்கு? அண்ணன் நோட்டைப் புரட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "ரெண்டு பக்கமும் போடட்டும். ஆளுக்கு மூணு ஓவர்." செல்வம் முதலில் லாண்டரிக்காகப் பந்து போட்டான். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு ரோடு டீமுக்காகப் போட்டு, தன் பக்கத்து மேஜையில் இஸ்திரி போடுகிறவரையே அவுட் ஆக்கினான். அவர் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

அடுத்த வருஷம் பொட்டலில் பாதியை யாரோ கட்டடத்துக்காக வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். மிஞ்சிய இடத்தில், ஜும்மாவுக்குள், எட்டு டீம்தான் ஆட முடியும். நாலு டீம் வெளியே போக வேண்டும். ஒரு மாட்ச்கூட ஜெயிக்காத லாண்டரிதான் முதலில் போகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். செல்வம் அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டு போன மாதிரியே திரும்பி வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணன், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதி எங்கள் மெஸ் சுவரில் ஒட்டினார். லாண்டரி உள்ளே இருந்தது. போன வருஷம் கோப்பை ஜெயித்த ரோடு டீம் வெளியே. டேங்கர் வெளியே, கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற கார்பென்டர்கள் வெளியே. அண்ணனின் சொந்தக் கம்பெனி, சாரம் கட்டுகிற டீமும் வெளியே.

மெஸ்ஸில் ஒரே சத்தம். ரோடு டீம் கேப்டன் பாண்டி எழுந்து நின்றார்.

"கப்பு வாங்குன டீம் வெளிய. ஒண்ணுலயும் ஜெயிக்காத டீம் உள்ள. லாண்டரிகிட்ட என்ன வாங்குனீங்க?"

"என்னத்த வாங்கிருப்பாரு, இஸ்திரி போட்ட சட்டைதான்" என்றார் ஒருவர். எல்லோரும் அண்ணனின் சட்டையைப் பார்த்தார்கள். அது கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இருந்தது. அந்தக் குற்றச்சாட்டு அதோடு முடிந்தது.

"பின்ன எந்தக் கணக்குல போட்டீங்க?" என்று பாண்டி விடவில்லை.

"போட்டாச்சு. கலாஸ், முடிஞ்சுபோச்சு."

"சொந்த டீமையே வெளிய தள்ளுன ஆளோட ஒரே ரூம்ல எப்புடிண்ணே படுக்கிறது?" இது அவருடைய ரூம்காரர். "பட்டியலக் கிழிங்க. வேற ஆளு எழுதட்டும்."

அண்ணன் நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். வைத்தாரே தவிர, கை அதன் மேலேயே இருந்தது.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஜன்னல் வழியாக மெதுவாகப் படித்தேன். காலையில் சாப்பாடு கட்டும்போது, திறந்தவெளியில் வேலை செய்கிறவர்கள் பொட்டலத்தோடு மட்டும் நான் ஒரு பாட்டில் மோர் வைப்பேன். வெளியே தள்ளப்பட்ட நாலு டீமும் மோர் வாங்குகிறவர்கள். உள்ளே இருந்த எட்டில் ஒருவருக்குக்கூட மோர் கிடையாது.

"மோர் குடிக்கிறவங்கதான் வெளிய இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். எப்படி வாயில் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"என்ன புள்ள சொல்றே?" என்று வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வந்தார். அவர் காதில் விளக்கினேன். அவர் கூடத்துக்குச் சொன்னார்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"லாண்டரி பேஸ்மென்ட்ல இருக்கு. இருட்டோட போறான், இருட்டோட வர்றான். பேக்கரிக்காரனும் அப்புடித்தான். வெள்ளிக்கிழமை காலையிலதான் அவன் மேல வெயில் படுது. நமக்கு ஆறு நாளும் படுதே பாண்டி."

"இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானண்ணே?"

"சொன்னா விட்டுக்குடுத்த மாதிரி ஆயிரும். நாளைக்கி அவனுக தலையக் குனிஞ்சுக்கிட்டு ஆட வருவானுக. பட்டியல்ல வந்துச்சுன்னு இருக்கட்டுமேன்னு நெனச்சேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசி மேஜையில் செல்வம் உட்கார்ந்திருந்தான். சோற்றில் கை வைத்தபடி அசையாமல் இருந்தான். அண்ணன் அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டு மூடி வைத்ததை நான் ஒரே வார்த்தையில் திறந்துவிட்டேன்.

பாண்டி அவன் பக்கம் திரும்பினார்.

"டேய் செல்வம், நாங்க ஒண்ணும் விட்டுக்குடுக்கல. எங்களுக்கு இந்த வெயில் ஒத்துக்கிற மாட்டேங்குது. அதான் ஒதுங்கிக்கிறோம்."

தார் நிறத்துக்குக் கறுத்துப்போயிருந்த அந்த ஆறடி மனிதர் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தது செல்வம்தான். பிறகு கூடமே சிரித்தது. ரூம்காரர் சிரிக்கவில்லை. ஆனால் நோட்டை அண்ணன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மறுநாள் லாண்டரி ஆடியது, தோற்றது. செல்வம் வெயிலில் கன்றிப்போன மூக்கோடு சாப்பிட வந்து அதை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தான். டிவிஷன் அண்ணன் மூலையில் உட்கார்ந்து தோல்வியை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் தட்டில் சோற்றுக்கு அடியில் ஓர் அவித்த முட்டையைப் புதைத்து அனுப்பினேன். பாதிச் சாப்பாட்டில் அது அவர் கையில் தட்டுப்பட்டது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. சோற்றை இழுத்து அதன் மேல் மூடி, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாப்பிட்டார்.