கம்ப்யூட்டருக்குள் பேசிய இராகு காலம்

முத்தியால்பேட்டை,
திங்கட்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ராஜவேல் அவர்களுக்கு மாமனார் கன்னியப்பன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கு நீங்களும் மூத்தவளும் சுகமென நம்புகிறேன். இளையவள் கவிநிலா மட்டும் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. அதற்குக் காரணம் நீங்கள்தான். போனில் சொன்னால் குரல் உயர்ந்துவிடும், மாப்பிள்ளையிடம் அப்படிப் பேசக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது நம் கம்ப்யூட்டரில் பஞ்சாங்க ஆப் ஒன்றைப் போட்டுக்கொடுத்தீர்கள். எந்த ஆப் கத்துகிறது என்று பார்க்க வால்யூம் மிக்சரையும் காட்டினீர்கள். ஒவ்வொரு ஆப்புக்கும் தனிக்கோடு, இழுத்தால் அது மட்டும் அடங்கும் என்றீர்கள். மில்லில் இருநூறு தறி ஓடும்போது எது மக்கர் பண்ணுகிறது என்று காதாலேயே சொன்னவன் நான், எனக்கு எதற்கு இது என்று சரியாகக் கவனிக்கவில்லை. நேற்று கவிநிலாவைப் பெண் பார்க்கப் பாரீசிலிருந்து பையன் வீட்டார் வீடியோவில் வந்தார்கள். கவிநிலாவுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. அவர்கள் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. பேச்சு நீண்டு மணி நாலரை ஆகிவிட்டது. பையனின் அம்மா பிரெஞ்சு மரியாதையோடு, "அப்ப முசே கன்னியப்பன், எங்க முடிவு என்னன்னா" என்று தொடங்குகிறார், பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று, "இராகு காலம் ஆரம்பம். சுப காரியம் பேச வேண்டாம்" என்கிறது.

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பஞ்சாங்கக் கோட்டை அடிமட்டத்துக்கு இழுத்தேன். குரல் விடல, திரும்பத் திரும்பச் சொல்லுது. பாட்டுக் கோடு, பேரே புரியாத கோடு எல்லாத்தையும் இழுத்தேன். கடைசியா வீடியோ கோட்டையும் இழுத்ததும் கப்சிப். அப்பாடான்னு நிமிர்ந்தா, பாரீஸ்ல எல்லாரும் வாயசைக்கிறாங்க, ஒரு வார்த்தை கேக்கல. அதைச் சொன்னா மரியாதையா இருக்காதேன்னு சிரிச்சிக்கிட்டே பத்து நிமிஷம் தலையாட்டினேன். அந்தம்மா கும்பிட்டாங்க, நானும் கும்பிட்டேன், படம் அணைஞ்சிடுச்சு. "எதுக்குங்க தலையாட்டுனீங்க?"ன்னு உங்க அத்தை கேக்குறா. எனக்குத் தெரிஞ்சாத்தானே. "அவங்க வேணாம்னு சொல்லியிருந்தா, அதுக்குமாப்பா தலையாட்டுனீங்க?"ன்னு கேட்டுட்டு கவிநிலா உள்ள போய்ப் படுத்தவதான். பெத்த மனசு பதறுது மாப்பிள்ளை.

ஆகவே பாரீசுக்குப் போன் போட்டு, தவறு உங்களுடையது என்று மாமனாருக்காக ஒரு வார்த்தை சொல்லவும். மூத்தவளுக்கு என் ஆசி. உங்கள் பெற்றோருக்கு வணக்கம். உங்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

பதிலை எதிர்பார்த்திருக்கும் மாமனார்,
கன்னியப்பன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் பையனின் அம்மா போனில் பேசினார். அந்தக் குரல் நம் பெட்டியுடையது இல்லையாம். அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் பஞ்சாங்கமாம், நம்மூர் நேரத்துக்குத்தான் கத்துமாம். "நல்ல பேச்சு நடக்குறப்ப இப்படி ஆயிடுச்சேன்னு நான் மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருந்தேன். வேற யாரா இருந்தாலும் சகுனம் சரியில்லைன்னு எழுந்து போயிருப்பாங்க. நீங்க பரவால்லைன்னு சிரிச்ச முகமாத் தலையாட்டுனீங்க. இந்த மனசு உள்ள வீட்டுலதான் பொண்ணு எடுக்கணும்னு அப்பவே உறுதி பண்ணிட்டோம்" என்றார். கவிநிலா எழுந்துவந்து சாப்பிட்டாள். உங்களைக் குறை சொன்னதை அடித்துவிட்டுப் படிக்கவும். எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்பது மட்டும் நமக்குள்ளேயே இருக்கட்டும்.