நீலக் கோடும் சிவப்புக் கோடும்

"நூறு பேர் தேடியிருக்காங்க! நம்ம ஊர்ல மட்டும் நூறு பேர்!"

சிடிக்கடைக்காரர் கத்திய கத்தலில், கடை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து எதிர்ச்சாரிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

அவர் சிடி விற்பதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. இப்போது கடை முழுக்க டிவிடிதான். ஆனாலும் ஊர் வாயில் ஒரு பெயர் ஏறிவிட்டால் இறங்காதே. ஏழு அலமாரி நிறையப் படங்கள் இருந்தன. வாங்கத்தான் ஆள் இல்லை. 'ஈ ஓட்டுறார்னு சொல்லக்கூட முடியாது, அதுக்கு ஈயாவது வரணுமே' என்பது அவர் மனைவியின் கருத்து.

மனைவி தையலில் கெட்டிக்காரி. படுக்கையறையில் மெஷினைப் போட்டு, கட்டில்மேல் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் படுக்கப்போனால் தினம் ஒரு குண்டூசி முதுகில் குத்தும். அந்தக் கடையைத் தனக்குக் கொடுத்துவிடும்படி அவள் கேட்டு, அவர் மறுத்து, ஒரு மாதம் சண்டை நடந்து, கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆகியிருந்தது.

"எந்த அலமாரி ஒரு நாள் முழுக்கக் காலியாக் கெடக்குதோ, அந்த இடம் எனக்கு. சம்மதமா?"

"என் அலமாரி எப்படிக் காலியாகும்? யாரு வந்து வாங்குறா?" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு, சொன்னது என்ன என்று பிறகுதான் கடைக்காரருக்கு உறைத்தது.

கடையை விட அவருக்கு மனம் வரவில்லை. ஒரு படத்தை எடுத்து ஒருவர் கையில் கொடுத்து, 'இடைவேளைக்கு அப்புறம் பாருங்க, அசந்துபோயிடுவீங்க' என்று சொல்வதில் அவருக்கு ஒரு சுகம். அந்தச் சுகத்தைச் சட்டை பட்டன் கொடுக்குமா?

அன்று காலை, செல்போன் கடையில் வேலை பார்க்கும் மச்சினன்தான் அந்த வினையைக் கொண்டுவந்தான். எந்த ஊரில் எதை எவ்வளவு தேடுகிறார்கள் என்று இணையத்தில் கோடு போட்டுக் காட்டும் ஒரு பக்கத்தைத் திறந்து, சிவப்புக் கோட்டுக்கு டிவிடி என்றும் நீலக் கோட்டுக்கு, டிவிடிக்கு அப்புறம் வந்த புளூரே வட்டு என்றும் போட்டான். சிவப்பு தரையோடு தரையாகப் போயிற்று. நீலம் கிடுகிடுவென ஏறி நூறில் நின்றது.

"அது நூறு பேர் இல்ல மாமா," என்றான் மச்சினன். "இருக்கறதுலயே உச்சத்த நூறுன்னு வச்சுக்கும். ஊர்ல ஒரே ஒரு ஆள் தேடி, அதுக்கு மேல யாரும் தேடலேன்னா, அதுவும் நூறுதான்."

"உச்சம்னா நல்லதுதானேடா?"

"நல்லதுதான், ஆனா..."

"அப்ப அவ்வளவுதான்." மச்சினனின் 'ஆனா' என்றைக்குமே அவர் காதில் ஏறியதில்லை. "புளூரேல படம் கண்ணாடி மாதிரி இருக்கும்ல? அதான் ஊரே தேடுது. நான்தான் இன்னும் டிவிடியக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறேன்."

உடனே, தான் சரக்கு எடுக்கும் மொத்தக் கடைக்குப் போன் போட்டார்.

"புளூரேயா?" என்றார் மொத்தக் கடைக்காரர். "உங்களுக்கு யோகம்தான் போங்க. இப்பத்தான் ஒரு லோடு திரும்பி வருது. உங்க டிவிடிய அனுப்பிட்டு அத எடுத்துக்குங்க."

திரும்பிப் போகிற சரக்கைச் சரிபார்த்த பிறகுதான் மாற்றுச் சரக்கு வரும் என்பது மொத்தக் கடையின் சட்டம். இடுப்பில் அகல பெல்ட் கட்டிய வண்டிக்காரர் சாயங்காலம் வந்து, முக்கி முனகி எல்லாப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போனார். ஏழு அலமாரிகளும் துடைத்துவிட்ட மாதிரி நின்றன.

மறுநாள் கழிந்ததும் மனைவி தையல் மெஷினோடு வந்து நின்றாள்.

"என்னங்க, ஏழும் காலி."

"ஏய், இது அநியாயம்! சரக்கு வந்துக்கிட்டே இருக்கு! வேணும்னா ஒரு தடவைக்கு ஒரு அலமாரி!"

"சரி, ஒரு தடவைக்கு ஒண்ணு. நான் என்ன பேராசக்காரியா?"

ஜன்னலோரம் வெளிச்சம் நன்றாக விழும் அலமாரியாகப் பார்த்துக் கழற்றிவிட்டு, அங்கே மெஷினைப் போட்டாள்.

புளூரே வந்து இறங்கியது. அடுக்கிவிட்டு, ஊர் திரண்டு வரும் என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். திரண்டு வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்தான். இந்த ஊரில் இன்னும் படம் வாங்கிப் பார்க்கும் ஒரே மனிதர் அவர்.

"என்ன தம்பி, எல்லாம் நீலமா இருக்கு?"

"புளூரே சார்! படம் கண்ணாடி மாதிரி இருக்கும்."

"கண்ணாடி மாதிரி இருந்து என்ன பண்றது, என் வீட்டு ப்ளேயர்ல ஓடாதே. டிவிடி இல்லையா? சரி, ஸ்டேஷன் ரோட்டுக் கடையில கேட்டுப் பாக்கறேன்."

கடைக்காரர் முகம் சுருங்கியது. ஊரில் இருந்த இன்னொரு படக்கடை ஸ்டேஷன் ரோட்டுக்காரருடையது. தன் வியாபாரம் படுத்ததற்கு அவர்தான் காரணம் என்று இவர் நினைத்தார்; இவர்தான் காரணம் என்று அவர் நினைத்தார். இருவரும் பேசிக்கொள்வதில்லை. எதிரெதிரே வந்தால் ஒருவர் செருப்பைப் பார்ப்பார், இன்னொருவர் வானத்தைப் பார்ப்பார்.

அதற்காக அசந்துவிடவில்லை நம் ஆள். புளூரேயை எப்படி அடுக்குவது, எப்படித் துடைப்பது, எது புதிது என்று போனில் இரவும் பகலும் தேடிப் படித்தார். ஒரு வாரம் ஆயிற்று. காலையில் எழுந்து, பல் துலக்குமுன் கோட்டைப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீலம் பரவாயில்லாமல்தான் ஏறியிருந்தது. ஆனால் சிவப்பு அதன் தலைக்கு மேலே நின்றது.

"டேய்! இப்ப டிவிடி ஏறிடுச்சுடா!"

"மாமா, கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்களேன். நம்ம ஊரு சின்ன ஊரு, நாலு பேர் தேடினாலே கோடு குதிக்கும். அதுமில்லாம..."

"பொறுத்தது போதும். தபால்காரர் அன்னைக்கே சொன்னாரு. ஜனங்களுக்குப் பழசு மேலதான் ஆசை."

மொத்தக் கடைக்காரர் இந்தத் தடவையும் ஏமாற்றவில்லை. "என்ன ராசிங்க உங்களுக்கு! கேக்கறப்பல்லாம் அமையுது பாருங்க. இப்பத்தான் ஒரு டிவிடி லோடு திரும்பி வருது."

பெட்டிகள் போயின. அலமாரிகள் ஒரு நாள் காலியாகக் கிடந்தன. இரண்டாவது அலமாரி இருந்த இடத்தில் ஆளுயரக் கண்ணாடி வந்தது. 'அளவு பாக்கறவங்களுக்கு வேணும்ல' என்றாள் மனைவி. கண்ணாடி மாதிரி படம் காட்டுவேன் என்றவர் கடைக்கு நிஜக் கண்ணாடியே வந்துவிட்டது.

வந்த டிவிடிகளை அடுக்கும்போது ஓர் உறையின் மூலையில் நாய் கடித்த தடம் இருந்தது. தன்னிடமும் முன்பு இப்படி ஒன்று இருந்ததே என்று கடைக்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார். உலகத்தில் நாய் எங்கேதான் இல்லை என்று சமாதானமாகி அடுக்கிவிட்டார்.

தபால்காரர் வந்தபோது சந்தோஷமாக வரவேற்றார். "வாங்க சார்! டிவிடி வந்தாச்சு!"

"அடடா, என் பையன் நேத்துதான் புளூரே ப்ளேயர் வாங்கித் தந்தான் தம்பி. அதுல டிவிடியும் ஓடுமாம். இருந்தாலும் புது மெஷினுக்குப் பழசப் போட மனசு வரல. புளூரே ஒண்ணு குடுங்களேன்."

கடைக்காரர் சுவரில் முட்டிக்கொள்ளப் பார்த்தார். முட்டுகிற இடத்தில் கண்ணாடி இருந்தது.

"விதி கோட்டை ஏத்துது. நாம ஏன் ஏத்தக்கூடாது?" என்று அவருக்கு அன்று ஒரு யோசனை பிறந்தது. ஊர் டிவிடியைத் தேடுகிற மாதிரி தெரிந்தால், மீதி ஊரும் தேடும் அல்லவா? மச்சினனைப் பிடித்தார், அவன் கடைக்கு ரிப்பேருக்கு வந்த போன்களை எல்லாம் பிடித்தார். மனைவியிடம் அளவு கொடுக்க வந்து காத்திருந்த பெண்களையும் விடவில்லை.

"சும்மாத்தானே உக்காந்திருக்கீங்க, போன்ல டிவிடின்னு ஒரு தட்டுத் தட்டுங்கம்மா."

"எதுக்குங்க?"

"ஊர் நன்மைக்கு."

பெண்கள் தட்டினார்கள். ஒரு வாரம் இந்தத் திருப்பணி நடந்தது. சிவப்பு ஏறத்தான் ஏறியது. ஆனால் நீலத்துக்கு யார் கொம்பு சீவிவிட்டார்களோ, அது சிவப்பைத் தாண்டிப் பாய்ந்தது. கடைக்காரர் வியர்த்துப்போனார். இத்தனை பேரைத் தட்டவைத்தும் புளூரே ஜெயிக்கிறது என்றால், அதன் பின்னால் எத்தனை பெரிய கூட்டம் இருக்க வேண்டும்!

"மாமா, யாரு தேடுறாங்கன்னு விசாரிக்க வேணாமா?" என்றான் மச்சினன்.

"யாருன்னு தெரிஞ்சா என்ன? ஊர்டா! ஊர் தேடுது!"

அப்புறம் நடந்ததை விவரமாகச் சொன்னால் வாசகர்களுக்கும் இடுப்பு வலிக்கும். நீலம் ஏறினால் நீலம், சிவப்பு ஏறினால் சிவப்பு என்று பெட்டிகள் போவதும் வருவதுமாக இருந்தன. கையில் இருப்பது எதுவோ அதற்கு எதிரானது மட்டும் எப்போதும் ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். இவருக்கு அது ஒரு வாரம் நீலம், மறுவாரம் சிவப்பு. ஒவ்வொரு பயணத்துக்கும் ஓர் அலமாரி போய், வெட்டு மேசையும் துணி மாட்டும் கம்பியும் அந்த இடங்களுக்கு வந்தன. மனைவியின் வியாபாரம் ஜாம்ஜாமென்று நடந்தது. கூட்டம் அதிகமானபோது, சும்மா இருந்த கணவரின் கையில் ஊசி நூலைக் கொடுத்தாள். கோடு பார்த்த நேரம் போக அவர் பட்டன் தைத்தார். நன்றாகவே தைத்தார் என்பதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல்.

ஒரே ஓர் ஆறுதலைத் தபால்காரர் கொண்டுவந்தார். "ஸ்டேஷன் ரோட்டுக் கடையும் முன்ன மாதிரி இல்ல தம்பி. பாதிக் கடைய அவரோட மச்சான் செருப்பு வச்சு அடைச்சிட்டாரு."

"அப்படியா!" கடைக்காரர் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒளி வந்தது. "என்னோட போட்டி போட முடியுமா? ஜனங்க நாடி பிடிச்சு வியாபாரம் பண்ணத் தெரியணும் சார்."

சொல்லும்போது அவர் மடியில் ஒரு பச்சைச் சட்டை கிடந்தது. அதில் மூன்று பட்டன் பாக்கி.

கடைசியில் ஒரே ஓர் அலமாரி மிஞ்சியது. மற்ற படங்கள் எல்லாம் தரையில் பெட்டிப் பெட்டியாக இருந்தன. அன்றைக்கென்று பார்த்து நீலம் மறுபடி நூறைத் தொட்டது. கையில் இருப்பதோ டிவிடி. சரக்கை அனுப்பினால் அந்த அலமாரியும் காலியாகும். அதுவும் போனால் கடையில் அவருக்கென்று ஊசிதான் மிஞ்சும். அனுப்பாவிட்டால் ஊரே தேடும் பொருள் கையில் இருக்காது.

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவிக்கே பாவமாக இருந்தது.

"விட்டுடுங்களேன். அந்த ஒரு அலமாரி உங்களுக்கே இருக்கட்டும். நான் கேக்கல."

"இல்லம்மா, ஒப்பந்தம்னா ஒப்பந்தம். இதுதான் கடைசி. இந்தத் தடவ நான் கோட்டுக்குப் பின்னாடி ஓடப் போறதில்ல. புளூரே வந்ததும் நின்ன இடத்துல நிப்பேன். சிவப்பு வானத்துக்கே ஏறினாலும் மாத்த மாட்டேன். இது சத்தியம்."

மொத்தக் கடைக்காரருக்குப் போன் போட்டார். "உங்க ராசிய என்னன்னு சொல்றது..." என்று அவர் தொடங்கியதுமே, "தெரியும், இப்பத்தான் திரும்பி வருது, அனுப்புங்க" என்று வைத்துவிட்டார்.

மாற்றுச் சரக்கு வந்த நாள், அளவு கொடுக்க வந்த பெண்கள் வாசல்வரை நின்றார்கள். கடைசி அலமாரியைக் கழற்றத் திருப்புளியோடு மச்சினன் தயாராக இருந்தான். வேண்டாம் என்று மனைவி அவனைத் தடுத்துக்கொண்டிருந்தாள். வண்டி வந்து நின்றது.

கடைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனார். "எறக்குங்க. இந்தத் தடவ எறக்கினா எறக்கினதுதான், திரும்பப் போகாது."

வண்டிக்காரர் பெட்டியைத் தொடவில்லை. இடுப்பு பெல்ட்டை ஒரு சுற்று இறுக்கிக்கொண்டு, தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"இத எறக்க வேணாம்ணே, வண்டியிலயே கெடக்கட்டும். ஸ்டேஷன் ரோட்டுக்காரரும் உங்கள மாதிரியே காலங்காத்தால கோட்டப் பாத்துட்டு, அடுத்த வாரம் எப்படியும் இதே பெட்டியத்தான் திருப்பிக் கேப்பாரு."