பூனைக்கு இடம் பார்ப்பவர்

சமையலறையில் பிங்கான் தட்டு விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. முன்னறையில் உட்கார்ந்திருந்த கலியாணசுந்தரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தட்டு உடைந்ததோ என்ற கவலை அவருக்கு இல்லை. பூனை பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்குமே!

வாசகர்களே, பூனை நிம்மதியாகச் சாப்பிட இடம் தேடும் மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. ஜப்பான்காரன் ஆட்சியில், காஜா பெராங் வட்டாரத்தில், எங்கள் வரிசை வீடுகளில் அந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி இவர்தான். மனைவி சாரதாம்பாள் மரவள்ளிக் கிழங்கை நின்றுகொண்டே தின்பாள், பிள்ளைகள் இருவரும் ஒரு தட்டுக்கு அடித்துக்கொள்வார்கள், இவரோ தரையில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடி, காற்று எந்தப் பக்கம் வருகிறது, எறும்பு எந்தப் பக்கம் போகிறது என்று கவனித்துக்கொண்டிருப்பார். கட்டிலடியில் வைத்தார். கட்டில் முனகியது, வீட்டார் படுப்பது நின்றது. கிணற்றடியில் வைத்தார். தவளை கத்தியது. தவளையை யார் அடக்குவது?

கடைசியில் சமையலறை மூலையில், விறகுக் குவியலின் ஓரத்தில் இடம் அமைந்தது. அந்த விறகுக்கு அடியில்தான், ஐயோ, அரை மூட்டை சியாம் அரிசி ஒளிந்திருந்தது. சாரதாம்பாள் தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்துச் செமாபோக் கிராமத்திலிருந்து திருட்டுத்தனமாக வரவழைத்தது. கண்டுபிடித்தால் அரிசியும் போகும், புருஷனும் போவான்.

அன்று வீடு வீடாகப் பதுக்கல் அரிசி தேடி வந்தார் ஜப்பான்காரன் வைத்த வட்டாரத் தலைவர் மாணிக்கவாசகம். கையில் அதிகாரப் பட்டை, காலில் பூட்ஸ். நேரே சமையலறைக்குள் நுழைந்தார்.

"அரிசி ஏதும் இருக்கா கலியாணம்?"

சாரதாம்பாள் அடுப்பை ஊதுவதுபோல் குனிந்துகொண்டாள். பூனையருகே குந்தியிருந்த கலியாணசுந்தரம் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாப் பேசுங்கண்ணே. இப்பதான் திரும்ப வந்து சாப்பிடுது."

மாணிக்கவாசகம் நின்றார். பூனையைப் பார்த்தார். குரல் தாழ்ந்தது.

"என்ன போட்டிருக்கே?"

"நெத்திலித் தலை."

"நல்லதுதான். ஆனா தட்டைச் சுவரோட ஒட்டி வெச்சிருக்கியே. வாசலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு எப்படிப்பா நிம்மதியாச் சாப்பிடும்? எங்க வீட்ல ரெண்டு இருக்கு, எனக்குத் தெரியாதா? இந்த விறகைத் தள்ளிட்டு அந்த மூலையில வை. அது வாசலைப் பார்த்துக்கிட்டே தின்னும்."

கலியாணசுந்தரத்தின் கண்கள் கலங்கின. இத்தனை வருஷமாக இது தனக்குத் தோன்றவில்லையே! அரிசி? அது எந்த உலகத்துச் சமாச்சாரம்? குனிந்தார். ஒரு விறகை எடுத்தார். இரண்டாவதை எடுத்தார். மூன்றாவது நகர்ந்தபோது சாக்கின் ஓரம் தெரிந்தது.

சாரதாம்பாள் அழுதிருக்கலாம், மயங்கி விழுந்திருக்கலாம். அவள் அந்த இனத்தோடு பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள்.

"விறகு உருண்டா அது பயந்துடும்," என்றாள் தணிந்த குரலில். "அப்புறம் ஒரு வாரம் வாயில தண்ணிகூடப் படாது."

இரண்டு ஆண்களும் அப்படியே உறைந்தார்கள்.

"தங்கச்சி சொல்றதுதான் சரி," என்று கிசுகிசுத்தார் மாணிக்கவாசகம். "அதைக் கச்சாவ் பண்ணித் தொந்தரவு கொடுக்காதே, விடு. தட்டை மட்டும் திருப்பிக்கலாம்."

அவரே மண்டியிட்டார். சாக்கு அவர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. தட்டைச் சுவரிலிருந்து அங்குலம் அங்குலமாக இழுத்தார். பூனை சுற்றி வந்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு தலையைக் கவ்வியது. அவர் முகத்தில் ஒரு தாயின் பூரிப்பு. பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் வெளியேறினார்.

அவர் வாசலை அடைவதற்குள் உங்களிடம் ஒன்று கேட்டுவிடுகிறேன். இவ்வளவு நேரம் சாரதாம்பாளின் அரிசிக்காகத் தவித்தீர்களா? அப்படியானால் நீங்கள் பிழைத்தீர்கள். பூனை மீதித் தலைகளையும் தின்றதா என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறீர்களா? உங்கள் வீட்டாரை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

தின்றது. மாணிக்கவாசகம் படியில் நின்று அதை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, தாழ்ப்பாள்கூடச் சத்தம் போடாதபடி கதவைச் சாத்திக்கொண்டு போனார்.