பெண் வீட்டைத் தாண்டிப் போன வண்டி

வறண்டு கிடக்கிற இரும்பைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். காலையில் தறிக்கு எண்ணெய் விட்ட பிறகுதான் எங்களுக்குக் காப்பியே. (பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. எண்ணெய் விட அது போதும்.)

என் மகன் சேகருக்கு ஆர்.கே.பேட்டையில் ஒரு பெண் பார்த்திருந்தோம். அதற்கு முன் வந்த இடமெல்லாம் சகுனத்திலேயே தட்டிப்போயிருந்தன. ஒரு வீட்டில் பூனை, இன்னொரு வீட்டில் பல்லி. இதுவாவது அமையவேண்டும் என்று திருத்தணி மலைமேல் இருக்கிறவருக்கு முடி காணிக்கை வேண்டிக்கொண்டேன். (சேகரின் முடி.)

பெண் பார்க்கப் புறப்பட்ட அன்று, திருத்தணி கடைத்தெருவில் மெக்கானிக் காதர் பாய் சேகரின் பைக்கைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"முன் பிரேக்கப் புடிச்சிகினு கீற போல்ட்டு ரெண்டும் துருவேறிப் பூட்சி சேகரு. மாத்திட்டு எடுத்துகினு போ."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே உட்கார்ந்தேன்.

"இது இன்னா பாய், தட்டு மாதிரி?"

"அது டிஸ்க்கும்மா. சக்கரத்தோட சுத்தும். இந்தக் காலிபர் அத்த ரெண்டு பக்கமும் கவ்வுனா வண்டி நிக்கும்."

"கவ்வுற வாய் கழண்டுக்காம இருக்கத்தான் போல்ட்டா?"

"ஆங்! சேகரு, உங்கம்மாவ இங்கியே வேலைக்கு வுட்டுட்டுப் போப்பா."

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பாய் தட்டின் மேல் ஒரு துணியைச் சுற்றினார். துருப்பிடித்த போல்ட்டுகளின் மேல் எண்ணெயைப் பீய்ச்சி ஊறவிட்டு, ஸ்பேனரால் திருப்பினார். இரண்டும் கீச்சுக்கீச்சென்று அழுதுகொண்டே வெளியே வந்தன, சொத்தைப் பல் மாதிரி. புதுசைப் போட்டு முறுக்கினார். நான் கேட்காத கேள்வி இல்லை. அந்தத் துணி எதற்கு என்று மட்டும் கேட்கவில்லை. எண்ணெய் சிந்தி வீணாகாமல் இருக்கத்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். (சிக்கனமான மனுஷன்!)

வேலை முடிந்து இருவரும் டீ குடிக்கப் போனார்கள். எதிரே புதுப் போல்ட்டுகள் வறண்டு கிடந்தன. பக்கத்திலேயே, எங்கள் தறி வீட்டில் இருப்பது போல மூக்கு நீண்ட ஒரு எண்ணெய் கேன். போல்ட்டுகளுக்குச் சொட்டு விட்டேன். அந்தத் தட்டைப் பார்த்தேன். பாவம், அதற்கு மட்டும் ஒன்றுமில்லையா? தாராளமாக விட்டு, பாயின் துணியாலேயே சுற்றிலும் தடவிவிட்டேன்.

வழியெல்லாம் பின் பிரேக்கிலேயே ஓட்டிவந்த சேகர், பெண் வீட்டு வாசலில் கெத்தாக நிறுத்த நினைத்து முன் பிரேக்கைப் பிடித்தான். பெண் வீட்டார் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். வண்டி நிற்கவில்லை. பயத்தில் அவனுக்குப் பின் பிரேக் மறந்துபோனது. பின்னால் உட்கார்ந்திருந்த நானும் கும்பிட்டபடியே அவர்களைத் தாண்டிப் போனேன். (மரியாதை என்று ஒன்று இருக்கிறதே!) தெருக்கோடி வைக்கோல் போரில் முட்டித்தான் நின்றோம்.

பெண்ணின் அப்பா ஓடிவந்தார். "வாசல் வரிக்கும் வந்துட்டு நிக்காம பூட்டீங்களே! சகுனமே செரியில்லயே!"

இதுவும் போச்சா?

"எல்லாம் அந்த பாயால. போல்ட்ட செரியா முடுக்கல" என்று, தலையில் வைக்கோலோடு சேகர் போனை எடுத்தான்.

அதற்குள் கல்யாணப் பெண் கௌரியே பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். (தன் ஸ்கூட்டரில் லுங்கிக் கட்டு ஏற்றிப் போகிறவள்.) குனிந்து தட்டைத் தொட்டு, விரலை முகர்ந்தாள்.

"சகுனம் இல்ல நைனா, எண்ணெ. இதுல எண்ணெ வுட்டா எப்டி கவ்வும்? வழுக்கிகினுதான் போவும். யாரு வுட்டது?"

பாய் திட்டு வாங்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"நாந்தான்" என்றேன், தலை நிமிர்ந்து. "போல்ட்டு துருப்புடிக்கக் கூடாதேன்னு."

கௌரி வைக்கோல் போரிலேயே சாய்ந்துகொண்டு சிரித்தாள். அதைப் பார்த்து அவள் நைனாவும் சிரித்துவிட்டார்.

"தறி வூட்டுக் கை, சும்மா இருக்குமா? உள்ள வாங்க சம்பந்தி."

இப்போது கௌரி என் மருமகள். வண்டி பாய் கடைக்குப் போகும் போதெல்லாம், "பாய், அத்த வந்துகினு கீறாங்க, எண்ணெ கேன ஒளிச்சி வெச்சிடுங்க" என்று முன்கூட்டியே போன் போகிறது. பாயும் எனக்கு ஸ்டூலைப் போட்டுவிட்டு, கேனை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார்.

பூட்டட்டும். அந்த இரண்டு போல்ட்டிலும் இன்னும் ஒரு பொட்டுத் துரு கிடையாது. அதை மட்டும் இந்த வீட்டில் ஒருத்தரும் சொல்வதில்லை.